அஸ்திவாரத்துக்கு முன்



தை பிறந்ததிலிருந்து நமக்கு வரும் கடிதங்களில் வீடு கட்டும் செய்தி கூடிவிட்டது. மார்கழி முடியட்டும் என்று காத்திருந்தவர்கள் பூமி பூஜைக்கு நாள் குறித்துவிட்டதாக எழுதுகிறார்கள். வைகாசிக்குள் தளம் போட்டுவிட வேண்டும் என்கிறார் ஒருவர். பெண்ணின் கல்யாணத்துக்கு முன்னால் சொந்த வீட்டில் குடியேற வேண்டும் என்கிறார் இன்னொருவர். படிக்கும்போது மனம் நிறைகிறது. அதே கடிதங்களின் கடைசிப் பத்தியில் ஒரு கேள்வியும் இருக்கிறது: “பிளான் அப்ரூவல் வாங்குவது அவ்வளவு கஷ்டமா?”

எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சென்னைக்காரர்கள் இல்லை. புதுக்கோட்டை, நாமக்கல், காரைக்குடி, திருவண்ணாமலை போன்ற ஊர்க்காரர்கள். இந்த நான்கு ஊர்களும் 2024 ஆகஸ்டில்தான் மாநகராட்சி ஆயின. கும்பகோணம், கரூர், சிவகாசி, கடலூர் எல்லாம் 2021இல் அந்தப் பெயரைப் பெற்றவை. பெயர் மாநகராட்சி என்றாலும் ஊரின் நடை இன்னும் சிறுநகரத்தின் நடைதான். சுற்றியிருந்த ஊராட்சிகள் நகரத்தோடு சேரும்போது, நேற்றுவரை கிராமத்துக் கணக்கில் இருந்த மனை இன்று மாநகராட்சிக் கணக்கில் வந்துவிடுகிறது. அந்த மாற்றத்தின் நடுவில் நின்று வீடு கட்டுகிற குடும்பங்களை நினைத்துத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. வரைபடத்துக்கு அனுமதி வாங்குவது முன்பைப் போல நீண்ட வேலையாக இல்லை. 2024 ஜூலை 22ஆம் தேதி தமிழக அரசு சுயசான்று முறையில் கட்டட அனுமதி தரும் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமோ கட்டும் வீடுகளுக்கு இது பொருந்தும். நம் ஊர்க் கணக்கில் 2,500 சதுர அடி என்பது ஏறத்தாழ ஐந்தே முக்கால் சென்ட். சிறுநகரத்தில் கட்டப்படும் வீடுகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் ஆகியவற்றை ஏற்றி, சதுர அடிக்கு இவ்வளவு என்று ஊருக்கு ஏற்ப வகுத்திருக்கும் கட்டணத்தைக் கட்டினால் அனுமதி உடனே கிடைக்கிறது. பரிசீலனைக் கட்டணமும் உள்கட்டமைப்புக் கட்டணமும் இதில் கிடையாது. வீடு முடிந்த பிறகு பணி நிறைவுச் சான்று வாங்கவும் தேவையில்லை.

பிறகு ஏன் இத்தனை பேர் தவிக்கிறார்கள்? கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தால் விடை தெரிகிறது. வரைபடத்தில் சிக்கிக்கொண்டவர்கள் மிகச் சிலர். மீதிப்பேர் எல்லாரும் சிக்கிக்கொண்டிருப்பது மனையில்.

ஒரு மனைக்கு மூன்று இடங்களில் அளவு இருக்கிறது. கிரையப் பத்திரத்தில் ஒன்று, பட்டாவிலும் புலப்படத்திலும் ஒன்று, தரையில் ஒன்று. பத்திரத்தில் “கிழமேல் ஜாதியடி 30, தென்வடல் ஜாதியடி 40” என்று எழுதியிருக்கும். அதாவது 1,200 சதுர அடி, இரண்டே முக்கால் சென்ட். பட்டாவில் அதே மனை ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஆக நம் மனை ஓர் ஏருக்குச் சற்று மேல் என்று பட்டா காட்ட வேண்டும். தரையிலோ, பக்கத்து வீட்டுக்காரர் முப்பது வருஷத்துக்கு முன்னால் எழுப்பிய சுற்றுச்சுவர் அரை அடி உள்ளே வந்திருக்கும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால், எது குறைவோ அதையே பெரும்பாலும் மனையின் அளவாக எடுத்துக்கொள்வார்கள். பெரிய அளவை நம்பி வரைந்த படம் அப்போது பயனற்றுப் போகும்.

ஆகவே, பொறியாளரிடம் போவதற்கு முன்னால் பத்திரத்தையும் பட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். சர்வே எண் ஒன்றுதானா, நான்கு எல்லைகளும் ஒத்துப்போகின்றனவா, பட்டா இன்று யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நகர எல்லைக்குள் நகர நில அளவை முடிந்த இடமென்றால் பழைய சர்வே எண்ணோடு வார்டு, பிளாக், நகரப் புல எண் என்று வேறு எண்களும் இருக்கும். பத்திரத்தில் பழைய எண்ணும் பதிவேட்டில் புதிய எண்ணுமாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். இரண்டும் ஒரே இடம்தான் என்று காட்டும் ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். பட்டா, புலப்படம், நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் எல்லாமே இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. வில்லங்கச் சான்றையும் பல சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் வீட்டிலிருந்தே கட்டணமில்லாமல் பார்க்கலாம். இந்த வசதி நம் அப்பாக்களுக்கு இல்லை. ஒரு நகலுக்காக அவர்கள் அலுவலகத் திண்ணையில் காத்துக் கிடந்தார்கள்.

முழு சர்வே எண்ணையும் வாங்கியிருந்தால் பட்டா மாறுதல் பத்திரப் பதிவோடு சேர்ந்தே நடந்துவிடும். பெரிய நிலத்தில் ஒரு துண்டை வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்ய வேண்டும். அதற்கு சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அக்கம்பக்கத்தாருக்குத் தகவல் போக வேண்டும், தாசில்தார் அலுவலகத்தில் கோப்பு நகர வேண்டும். சிறுநகரத்தில் வீடு கட்டுகிறவர்களின் பொறுமை சோதிக்கப்படும் இடம் இதுதான். மாதக்கணக்கில் அலைந்த கதைகளை எழுதியிருக்கிறார்கள். ‘கவனிக்கச்’ சொன்னதாகவும் சிலர் எழுதியிருக்கிறார்கள். வலிக்கிறது. கணினி வந்த பிறகும் சங்கிலி பிடித்து அளக்கும் வேலை ஒரு மனிதர் கையில்தான் இருக்கிறது. மனுவின் எண்ணையும் பணம் கட்டிய ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மனு எந்த மேசையில் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கையூட்டு கேட்டால் ஊழல் தடுப்புத் துறை இருக்கிறது. வேலை கெட்டுவிடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் எழுத்தில் ஒரு கேள்வி போய்ச் சேர்ந்தால் பல கோப்புகள் நகர்ந்துவிடுகின்றன.

அடுத்தது, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மனை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஊரை ஒட்டிய வயல்களையும் மானாவாரிக் காடுகளையும் துண்டு போட்டு, கல் நட்டு, கலர்க் கொடி கட்டி விற்ற காலம் நமக்கெல்லாம் நினைவிருக்கும். ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று ஒரு தாளைக் காட்டினார்கள். மாதத் தவணையில் மனை வாங்கியவர்களில் பள்ளி ஆசிரியர்கள் உண்டு, சத்துணவு அமைப்பாளர்கள் உண்டு, வெளிநாட்டில் வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்பியவர்கள் உண்டு. அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி, ஒரு நிலத்தை மனைப்பிரிவாகப் பிரிக்க அனுமதி தர வேண்டியது நகர் ஊரமைப்பு இயக்ககம் என்பது. ஊராட்சியின் தாள் அந்த இடத்தை நிரப்பாது.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை விதித்தபோதுதான் பலருக்குத் தங்கள் மனையின் நிலை தெரிந்தது. பின்னர் 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20 அன்றோ அதற்கு முன்போ பதிவான மனைகளைக் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று அந்த விதிகள் சொல்கின்றன. விண்ணப்பிக்கும் கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. வரன்முறை ஆகாத மனைக்குக் கட்டட அனுமதி கிடைக்காது. உங்கள் மனை அந்தக் காலத்தில் வாங்கியது என்றால், வீட்டு வரைபடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் உள்ளாட்சி அலுவலகத்தில் இதைக் கேளுங்கள். இப்போதுதான் மனை வாங்கப் போகிறீர்கள் என்றால், மனைப்பிரிவின் அனுமதி எண்ணைக் கேட்டு வாங்கி, அனுமதி பெற்ற வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா, பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

மூன்றாவது சிக்கல்தான் கடிதங்களில் அதிகம் வருகிறது. எழுதத் தயங்கித் தயங்கி எழுதியிருப்பதும் இதைத்தான். அப்பா காலமாகிவிட்டார், பட்டா இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. அல்லது அண்ணன் தம்பி எல்லார் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. மூத்தவர் கட்ட நினைக்கிறார். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை அல்லது விடுதலைப் பத்திரம், பிறகு தனிப்பட்டா என்று ஒவ்வொன்றாக முடிய வேண்டும். ஒவ்வொரு தாளிலும் உடன்பிறந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

“தங்கச்சி ஒரு கையெழுத்துப் போட்டுட்டாப் போதும்” என்று சர்வசாதாரணமாகச் சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தத் தங்கைக்கு அந்த மண்ணில் பங்கு இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்த திருத்தம், 1989 மார்ச் 25 வரை திருமணமாகாத மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் மகன்களுக்குச் சமமான உரிமை கொடுத்தது. 2005இல் நாடு முழுவதற்குமான திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. அப்பா தானே சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் போன சொத்தென்றால், 1956ஆம் ஆண்டுச் சட்டமே மகனையும் மகளையும் அம்மாவையும் ஒன்றாக நிறுத்துகிறது. பொங்கலுக்குச் சீர் கொண்டுபோய்க் கொடுத்த கையோடு விடுதலைப் பத்திரத்தையும் நீட்டாதீர்கள். அவரை உட்கார வைத்து, மனையின் மதிப்பைச் சொல்லி, அவர் பங்குக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று பேசி முடியுங்கள். வேண்டாம் என்று அவராக விட்டுக்கொடுத்தால் அது அவருடைய பெருந்தன்மை. கேட்டால் அது அவருடைய உரிமை. கிரகப்பிரவேசத்தன்று பால் காய்ச்சும்போது அவர் மனம் நிறைந்து நிற்க வேண்டும் என்றால் இந்தப் பேச்சு கடகால் தோண்டுவதற்கு முன்னால் நடக்க வேண்டும். சட்டத்துக்காகவும் நடக்க வேண்டும்: பின்னால் வழக்கு என்று வந்தால், கட்டிய வீட்டையும் சேர்த்து அது இழுத்துக்கொண்டு போகும்.

மனை சுத்தமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி வரைபடம்.

சுயசான்று என்ற பெயரிலேயே பொறுப்பு யாருடையது என்பது இருக்கிறது. முன்பு நகராட்சியின் நகரமைப்பு ஆய்வாளர் படத்தைப் பார்த்து, இடத்தைப் பார்த்து, குறை சொல்லித் திருப்பி அனுப்புவார். எரிச்சலாக இருந்தாலும், ஒரு தவறை நம் கண்ணுக்கு முன்னால் அவர் கண் பிடித்துவிடும். இப்போது அந்தக் கண் முன்கூட்டி வருவதில்லை. விதிப்படி கட்டுவேன், நான் தந்த விவரங்கள் உண்மை என்று நீங்கள்தான் உறுதிமொழி கொடுக்கிறீர்கள். தவறாக இருந்தால் அனுமதியே ரத்தாகலாம். இணையத்தில் ஏற்றும் வேலையைப் பொறியாளர் அலுவலகத்துப் பையன் செய்யலாம், ஆனால் அது உங்கள் பெயரில் போகிறது. ஏற்றுவதற்கு முன்னால் படத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படியுங்கள். வாசல் எந்தப் பக்கம், படிக்கட்டு எங்கே ஏறுகிறது, நான்கு பக்கமும் எத்தனை அடி விட்டிருக்கிறது, கழிவுநீர்த் தொட்டியும் ஆழ்துளைக் கிணறும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று கேளுங்கள். சமையல்கட்டில் ஆயுள் முழுக்க நிற்கப்போகிறவர்கள் படத்தைப் பார்க்காமல் அது அலுவலகத்துக்குப் போகக் கூடாது. படிக்கத் தெரியவில்லை என்றால் பொறியாளரையே மனைக்கு வரச்சொல்லி, சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பக்கவாட்டில் விட வேண்டிய காலி இடத்தைப் பற்றித்தான் எல்லாருக்கும் வருத்தம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தன. முன்பக்கம் எவ்வளவு விட வேண்டும் என்பதைத் தெருவின் அகலத்தை வைத்தும், பக்கங்களில் எவ்வளவு என்பதைக் கட்டடத்தின் உயரம், மனையின் அகலம் ஆகியவற்றை வைத்தும் அவை வகுக்கின்றன. முப்பதுக்கு நாற்பது மனை வைத்திருப்பவருக்கு முன்னால் கிட்டத்தட்ட ஐந்து அடியும் பக்கத்தில் சில அடிகளும் போனால் மனம் கலங்கத்தான் செய்யும். சென்ட் இத்தனை லட்சம் என்று கொடுத்து வாங்கிய மண் அது.

ஆனால் நம் பழைய தெருக்களை நினைத்துப் பாருங்கள். செட்டிநாட்டிலும் கும்பகோணத்திலும் வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர் ஒட்டித்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு விரல் இடம் கிடையாது. இன்றைய விதிகளும் அப்படித் தொடர்ச்சியாகக் கட்டும் பகுதிகளைத் தனியாக ஏற்றுக்கொள்கின்றன. அந்த வீடுகளுக்கு வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியே வந்தன. நடுவீட்டில் மழை விழுந்தது, மேல்காற்று இறங்கியது. இன்று முப்பதுக்கு நாற்பதில் முற்றம் வைக்க நமக்கு மனம் வருவதில்லை. முற்றத்தையும் விட்டுவிட்டு, பக்கத்துச் சந்தையும் கட்டடத்துக்குள் இழுத்துக்கொண்டால், பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு சோறு பொங்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட வீடுகள் ஒவ்வொரு ஊரிலும் புதிதாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். பக்கத்து வீட்டு மின்விசிறிச் சத்தம் நம் கூடத்தில் கேட்கிறது. நாம் விடுகிற மூன்றடியும் அடுத்தவர் விடுகிற மூன்றடியும் சேர்ந்தால்தான் இரண்டு வீட்டுக்கும் ஒரு சந்து காற்று கிடைக்கும். ஒருவர் மட்டும் விட்டால் பாதி.

தெருவுக்கும் இது பொருந்தும். வாசற்படியின் சறுக்குமேடு சாக்கடையைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிடுகிறது. அதற்காக நகராட்சியின் வடிகாலை மூடிவிடுகிறோம். ஐப்பசி மழையில் அந்தத் தெருவே குளமாகிறது. படத்தில் சறுக்குமேட்டை மனைக்குள் அடக்கச் சொல்லுங்கள், கேட் கொஞ்சம் உள்ளே போனால் போகட்டும்.

மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்பது 2003இல் சட்டமாக வந்தது. அந்த வருஷம் ஊரெங்கும் குழாய் பதித்தது பலருக்கு நினைவிருக்கும். இன்றைய வரைபடங்களில் அது ஒரு சின்ன வட்டமாக மூலையில் இருக்கிறது. வட்டம் படத்தோடு நின்றுவிடுவதைப் பல ஊர்களில் பார்க்கிறேன். கட்டட வேலை நடக்கும்போதே குழி தோண்டி, கருங்கல்லும் ஜல்லியும் மணலும் போட்டு மொட்டைமாடித் தண்ணீரை இறக்கினால் பெரிய செலவில்லை. தரை போட்டு முடித்த பிறகு தோண்ட யாருக்கும் மனம் வராது.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டட அனுமதிக்குக் கட்டும் பணத்தில் தொழிலாளர் நல நிதி என்று ஒரு வரி வரலாம். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் என்பது அதன் கணக்கு. 1994இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்துக்கு அது போகிறது. உங்கள் வீட்டுக்குக் கல் சுமக்கும் சித்தாளின் பிள்ளைக்குப் படிப்பு உதவி, சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாருக்கு விபத்து உதவி, வயதானபின் ஓய்வூதியம் எல்லாம் அங்கிருந்து வருகின்றன. வாரியத்தில் பதிவு செய்துகொண்டவர்களுக்கே அவை கிடைக்கும் என்பதால், வேலை தொடங்கும் அன்றே உங்கள் கொத்தனாரிடமும் சித்தாள்களிடமும் “அட்டை இருக்கா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் பதிவு செய்ய ஒருநாள் விடுங்கள். நீங்கள் கட்டிய பணம் உங்கள் வீட்டில் உழைத்தவருக்கே போய்ச்சேர அதுதான் வழி.

அனுமதி கைக்கு வந்துவிட்டால் அதோடு கோப்பை மூடிவிட முடியாது. வேலைக்கான தற்காலிக மின் இணைப்பு, காலிமனை வரி ரசீது, குடிநீர், பாதாளச் சாக்கடை இருக்கும் ஊரில் அதன் இணைப்பு, முடிந்தபின் சொத்து வரி என்று ஒவ்வொன்றுக்கும் அந்தத் தாளைக் கேட்பார்கள். வங்கிக் கடன் வாங்கியிருந்தால் அடித்தளம், கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாகத்தான் பணம் வரும். அதை விடுவிக்க வரும் மதிப்பீட்டாளர் கையில் உங்கள் வரைபடம் இருக்கும். நடுவில் கொத்தனார் “இந்தச் சுவரை ஒரு அடி தள்ளிப் போட்டா அறை பெரிசாகும்” என்று சொல்வார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். பொறியாளரைக் கேட்காமல் தள்ளாதீர்கள். கம்பிக் கணக்கும் தூண் கணக்கும் அந்தப் படத்தை வைத்துத்தான் போடப்பட்டிருக்கின்றன. மாற்றியே ஆக வேண்டும் என்றால் திருத்திய படத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு மாற்றுங்கள்.

மனையடி சாஸ்திரம், வாஸ்து பார்ப்பவர்கள் அதைப் படம் போடும் முதல் நாளிலேயே பார்த்துவிடுங்கள். அனுமதி வாங்கிய பிறகு சமையல்கட்டை அக்கினி மூலைக்கும் கிணற்றை ஈசானியத்துக்கும் மாற்றப்போய்க் கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குடிநீர்க் கிணறு அமைந்துவிட்ட வீட்டைப் பற்றி ஒரு வாசகி எழுதியிருந்தார். நம்பிக்கை அவரவர் விருப்பம். குடிக்கும் தண்ணீர் எல்லாருக்கும் பொது.

அடுத்த இதழிலிருந்து ‘மனை முதல் மாடி வரை’ என்ற தொடர் வருகிறது. முதல் பகுதியில், பழைய பத்திரங்களை எப்படிப் படிப்பது என்பதை ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர் மாதிரிப் பத்திரங்களை வைத்துச் சொல்லித் தருகிறார். வாரிசுச் சொத்து பற்றி ஒரு பெண் வழக்கறிஞர் எழுதுகிறார். உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள். மனை இருக்கும் ஊர், அது நகராட்சியா பேரூராட்சியா, மனை எப்போது வாங்கியது என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள். பத்திரத்தின் மூலத்தை யாரும் அனுப்ப வேண்டாம், நகல் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்